ஆணை 770: பிரசவ அறைக்குள் நுழைந்த அரசு

1966-ல் ருமேனியாவில் பிறந்த குழந்தைகள் சுமார் 2,74,000. அடுத்த ஆண்டில் பிறந்தவை சுமார் 5,28,000. ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு நாட்டின் பிறப்புக் கணக்கு அமைதிக் காலத்தில் இப்படி ஏறியதற்கு இன்னோர் உதாரணம் கிடைப்பது கடினம். போர் முடிந்து ஆண்கள் ஊர் திரும்பிய காலமல்ல அது. பஞ்சம் நீங்கி வளம் பெருகிய காலமும் அல்ல. 1966 அக்டோபர் 1 தேதியிட்ட அரசாணை ஒன்றுதான் காரணம். அதன் எண் 770.

சர்வாதிகார நாடுகள் என்றதும் நாம் உடனே பிணக்கணக்குக்குப் போய்விடுகிறோம். ஸ்டாலினின் உழைப்பு முகாம்கள், ஹிட்லரின் நச்சுவாயு அறைகள், போல் பாட்டின் கொலைக்களங்கள். அந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் நிக்கோலாய் சௌசெஸ்குவின் ருமேனியா சின்ன வழக்காகத் தெரியும். அவர் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கு வந்தது 1965 மார்ச்சில். அதற்கு முந்தைய ஆண்டே அரசியல் கைதிகள் பொது மன்னிப்பில் விடுவிக்கப்பட்டிருந்தார்கள். மேற்கு நாடுகள் அவரை மெச்சின.

நான் இந்த வழக்கைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுவேதான். சாதாரண ராணுவ சர்வாதிகாரத்தில், வாயைத் திறக்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்பவனுக்கு ஓரளவு வாழ்க்கை மிஞ்சும். முற்றதிகார அரசில் அப்படிச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது. பொதுக்கூட்டத்தில் கைதட்டினாயா என்று கேட்பதோடு அது நிற்பதில்லை. இந்த மாதம் உனக்கு மாதவிலக்கு வந்ததா என்றும் கேட்கும். ருமேனியாவில் அந்தக் கேள்வி உண்மையிலேயே கேட்கப்பட்டது. கேட்டவர்கள் பூட்ஸ் அணிந்த காவலர்கள் அல்லர். வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர்கள்.

ஆணை வந்த விதம்

1957-ல் ருமேனியா கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது. ஐரோப்பாவிலேயே தாராளமான சட்டங்களில் அது ஒன்று. கட்டணம் சொற்பம், காரணம் கேட்பாரில்லை. நாடு அப்போது விவசாயத்திலிருந்து தொழிற்சாலைக்கு மாறிக்கொண்டிருந்தது. கிராமத்துப் பெண்கள் நகரத்து ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கிடைத்தவை சிறிய அடுக்குமாடி வீடுகள். நல்ல கருத்தடைச் சாதனம் எதுவும் கடையில் இல்லை. விளைவாக, குடும்பத்தின் அளவைக் கட்டுப்படுத்த இருந்த ஒரே வழியாகக் கருக்கலைப்பு மாறியது. 1965-ல் சுமார் 11 லட்சம் கருக்கலைப்புகள் பதிவாயின. ஒரு குழந்தை பிறந்தால் நான்கு கரு கலைந்தது. ஆயிரம் பேருக்கு 14.3 என்ற அளவுக்குப் பிறப்பு விகிதம் இறங்கியது.

இது ஒரு பிரச்சினைதான், மறுப்பதற்கில்லை. பெண்களின் உடல்நலம் குறித்துக் கவலைப்படும் எந்த அரசும் இதைக் கண்டு விழித்திருக்க வேண்டும். கருத்தடை மாத்திரையைத் தருவித்திருக்கலாம், வீட்டை விசாலமாக்கியிருக்கலாம், குழந்தைக் காப்பகங்களைக் கட்டியிருக்கலாம். சௌசெஸ்குவோ இதை ஆள் கணக்காகப் பார்த்தார். கனரகத் தொழிலுக்குத் தொழிலாளர் வேண்டும். பெரிய நாடாக வளர மக்கள் வேண்டும். 2000-ஆம் ஆண்டுக்குள் 3 கோடிப் பேர் என்பது பின்னாளில் அவர் வைத்துக்கொண்ட இலக்கு. 1966 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் சுமார் 1 கோடியே 91 லட்சம்.

ஆணை 770 கருக்கலைப்பைத் தடை செய்தது. விதிவிலக்குகள் சில: 45 வயதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே நான்கு குழந்தைகளை வளர்ப்பவர்கள், தாயின் உயிருக்கு ஆபத்து, பாலியல் வன்முறையால் உண்டான கரு, கடுமையான பரம்பரை நோய். கூடவே விவாகரத்துக்கான வழியும் ஏறக்குறைய அடைக்கப்பட்டது. 1966-ல் பல்லாயிரக்கணக்கில் இருந்த விவாகரத்துகள் அடுத்த ஆண்டு விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. 25 வயதைக் கடந்தும் குழந்தை இல்லாதவர்களின் வருமானத்தில் கூடுதல் வரி பிடிக்கப்பட்டது. திருமணம் ஆனவரா, ஆகாதவரா, குழந்தை பிறக்காத குறை உள்ளவரா என்ற பேதம் பார்க்கப்படவில்லை. பத்துக் குழந்தை பெற்றவளுக்கு 'வீரத்தாய்' பட்டம், அதற்குக் குறைந்த எண்ணிக்கைக்கு வேறு பதக்கங்கள், சிறிய அளவில் குழந்தைப் படி. கருத்தடைச் சாதனங்களைத் தடை செய்து தனிச்சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அவை கடைக்கு வராமல் பார்த்துக்கொண்டாலே போதுமாயிருந்தது.

1967-ன் அந்தப் பெருக்கத்துக்கு நாடு தயாராக இருக்கவில்லை. பிரசவ வார்டுகளில் கட்டில்கள் போதவில்லை. சிசு மரணம் உயர்ந்தது. ஆறேழு ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகள் பள்ளிக்கு வந்தபோது வகுப்பறைகள் நெரிந்தன, பள்ளிகள் ஷிப்ட் முறையில் நடந்தன. இந்தத் தலைமுறைக்கு ருமேனியாவில் ஒரு பெயரே உண்டு: 'தெக்ரெசெய்', அதாவது ஆணையின் பிள்ளைகள்.

ஆனால் மக்கள் எந்த ஆணைக்கும் ஒரு சந்து கண்டுபிடித்துவிடுவார்கள். தெரிந்த மருத்துவர், கையில் கொஞ்சம் பணம், யுகோஸ்லாவியாவிலிருந்தோ ஹங்கேரியிலிருந்தோ கடத்தி வந்த மாத்திரை. எண்பதுகளில் கள்ளச்சந்தையின் நாணயமாகவே ஆகிவிட்ட கென்ட் சிகரெட் பெட்டிகள் இதற்கும் பயன்பட்டன. எழுபதுகளிலேயே பிறப்பு விகிதம் மெல்ல இறங்கத் தொடங்கியது. 1983-ல் அது மீண்டும் ஆயிரத்துக்கு 14.3. பதினேழு ஆண்டு அடக்குமுறைக்குப் பிறகு, ஆணை பிறந்த ஆண்டின் அதே எண்.

ஒரு சாதாரண அரசு இந்த இடத்தில் சட்டம் தோற்றுவிட்டது என்று முடிவு செய்யும். முற்றதிகார அரசு வேறு முடிவுக்கு வருகிறது: மக்கள் துரோகம் செய்கிறார்கள், கண்காணிப்பு போதவில்லை.

தொழிற்சாலை மருத்துவ அறை

1984 மார்ச்சில் புதிய நெருக்குதல் தொடங்கியது. 1985-ல் விதிவிலக்குக்கான குழந்தை எண்ணிக்கை நான்கிலிருந்து ஐந்தானது. இடையில் 40-ஆகத் தளர்த்தப்பட்டிருந்த வயது வரம்பு மறுபடி 45-க்கு ஏறியது. இவை தாளில் நடந்த மாற்றங்கள். உண்மையான மாற்றம் நடந்தது வேலைத்தலங்களில். பிள்ளைப்பேற்று வயதிலிருந்த பெண் தொழிலாளர்கள் மாதத்துக்கு ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகப்பேறு பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார்கள். புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்கான சோதனை என்று காரணம் சொல்லப்பட்டது. கருவுற்றிருந்தால் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறிய கரு பிரசவத்தில் முடியாவிட்டால் விசாரணை வரும்.

இங்கே கொஞ்சம் நின்று, இந்த ஏற்பாடு எப்படி ஓடியது என்று பார்க்க வேண்டும். இதை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் கொடூரமானவர்கள் அல்லர். ஆலை மருத்துவருக்கு மேலிடத்திலிருந்து ஓர் எண் வரும்: உன் பகுதியில் இத்தனை பிறப்பு. அந்த எண் வராவிட்டால் சம்பளத்தில் வெட்டு விழும். மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் மிலீஷியா (அந்நாட்டுப் போலீஸ்) அதிகாரியோ அரசு வழக்கறிஞரோ வந்து நிற்பார். ரத்தப்போக்கோடு ஒரு பெண் கொண்டுவரப்பட்டால் முதல் கேள்வி அவளுக்கு என்ன ஆயிற்று என்பதல்ல, யார் செய்தது என்பது. சட்டவிரோதக் கருக்கலைப்பு என்ற சந்தேகம் இருந்தால், அதிகாரியின் அனுமதி வரும் வரை மருத்துவர் கருப்பையைச் சுத்தம் செய்யத் தயங்கினார். செய்தால் உடந்தை என்று அவரே சிறைக்குப் போகலாம். செய்தவர் பெயரை அவள் சொன்னால், உதவிய அக்காவோ பக்கத்து வீட்டுக்காரியோ செவிலியோ மாட்டிக்கொள்வார்கள். சொல்லாமலே இறந்தவர்கள் பலர்.

அந்த அறையில் யார் குற்றவாளி? கேள்வி கேட்ட அதிகாரிக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். மருத்துவருக்குக் குடும்பம் இருந்தது. ஆலை நிர்வாகியிடம் ஓர் இலக்கு இருந்தது. எல்லோருக்கும் பயப்பட ஏதோ ஒன்று இருந்தது, எல்லோரும் தன் பங்குக்குக் கொஞ்சம் மட்டுமே செய்தார்கள். அந்தக் கொஞ்சங்கள் சேர்ந்ததில் ஒரு பெண் காப்பாற்றக்கூடிய ஒரு மணி நேரத்தை இழந்தாள். மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். தெரிந்தே ஆவணத்தில் 'தானாகக் கலைந்தது' என்று எழுதிப் பெண்களைக் காப்பாற்றிய மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்கள் தங்கள் வேலையையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்தார்கள். அவர்களில் சிலர் சிறையும் சென்றார்கள்.

1989-ல் ருமேனியாவின் தாய் மரண விகிதம் லட்சம் பிறப்புகளுக்கு சுமார் 170. ஐரோப்பாவிலேயே மிக அதிகம். அந்த மரணங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை கருக்கலைப்பால் நேர்ந்தவை. ஆணை இருந்த 23 ஆண்டுகளில் இப்படி இறந்ததாகப் பதிவான பெண்கள் 9,000-க்கும் மேல். கருப்பை அழுகியும் சிறுநீரகம் செயலிழந்தும் உயிர் பிழைத்தவர்களின் கணக்கு இதில் சேராது. தடை நீங்கிய 1990-லேயே தாய் மரண விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மருத்துவம் ஓராண்டில் முன்னேறிவிடவில்லை. மருத்துவமனைகளில் அதே கட்டில்கள், அதே மருத்துவர்கள், அதே மருந்துப் பஞ்சம். மாறியது சட்டம் ஒன்றுதான். கொன்றது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவையில்லை.

சுற்றி இருந்த நாடு

இந்த ஆணை தனியே நின்றிருந்தால் இவ்வளவு ஆழம் போயிருக்காது. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு முழு நாடும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. 1971 ஜூனில் சௌசெஸ்கு சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் போய், கிம் இல் சுங்கின் தலைவர் வழிபாட்டைக் கண்ணாரக் கண்டு திரும்பினார். அடுத்த மாதமே கலையும் கல்வியும் கட்சிக்கே ஊழியம் செய்ய வேண்டும் என்ற 'ஜூலைக் கொள்கைகள்' வந்தன. 1948-ல் உருவாக்கப்பட்ட செக்யூரிடாட்டே என்ற ரகசியப் போலீஸில் கடைசியில் சுமார் 15,000 முழுநேர ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் சொல்பவர்கள் லட்சக்கணக்கில். வெளிநாட்டவரோடு பேசினால் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். 1983-ல் வந்த இன்னோர் ஆணையின்படி தட்டச்சுப்பொறி வைத்திருப்பவர் மிலீஷியாவிடம் உரிமம் வாங்கி, அதன் எழுத்து மாதிரியையும் கொடுத்து வைக்க வேண்டும். துண்டறிக்கை எந்த இயந்திரத்தில் அடிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க அது உதவும்.

எண்பதுகளில் பசியும் குளிரும் சேர்ந்தன. சுமார் 1,000 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனை முழுவதுமாக அடைத்துத் தீருவேன் என்று சௌசெஸ்கு பிடிவாதம் பிடித்தார். இறைச்சியும் தானியமும் ஏற்றுமதிக்குப் போயின. 1981-லிருந்து ரொட்டி, எண்ணெய், சர்க்கரை எல்லாம் ரேஷனில் வந்தன. மக்கள் அளவுக்கு மீறித் தின்கிறார்கள் என்று சொல்லி 1982-ல் 'அறிவார்ந்த உணவு' திட்டம் கொண்டுவரப்பட்டது. குளிர்காலத்தில் வீடுகளுக்கு வெப்பம் குறைக்கப்பட்டது, 40 வாட் பல்புக்கு மேல் எரிக்கக் கூடாது என்றார்கள். தொலைக்காட்சி நாளுக்கு இரண்டு மணி நேரம், அதிலும் பாதி தலைவர் புகழ். அதே காலத்தில்தான் தலைநகர் புகாரெஸ்டின் பழைய பகுதிகளை இடித்துப் பிரம்மாண்டமான மாளிகை ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட குளிர்ந்த வீட்டில், ரேஷன் வரிசையில் நின்று களைத்த உடலோடு, ஐந்தாவது பிள்ளை பெற வேண்டும் என்று ஒரு பெண்ணுக்கு உத்தரவு. கரு முழுச் சமுதாயத்தின் சொத்து என்று சௌசெஸ்கு சொன்னதாக எழுதாத வரலாற்றாசிரியர் குறைவு. அந்தச் சொத்துக்கு உணவும் வெப்பமும் தரும் கடமை மட்டும் சமுதாயத்துக்கு இல்லாமல் போயிற்று.

மேற்குலகம் இதையெல்லாம் வெகுகாலம் பார்க்க விரும்பவில்லை. 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை நுழைந்ததை சௌசெஸ்கு பகிரங்கமாகக் கண்டித்தார். அந்த ஒரு துணிச்சலான உரை அவருக்கு இருபது ஆண்டு நற்பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது. 1969-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் புகாரெஸ்ட் வந்தார். 1978-ல் லண்டனில் அரசி எலிசபெத்தின் விருந்தாளியாக சௌசெஸ்கு தங்கினார். மாஸ்கோவை எதிர்ப்பவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்ற கணக்கு.

1974-ல் உலக மக்கள்தொகை மாநாடு நடந்ததும் அதே புகாரெஸ்டில்தான். நமக்கு நெருக்கமான ஒரு செய்தி அதில் உண்டு. இந்தியாவின் சுகாதார அமைச்சர் கரண் சிங் அங்கேதான், வளர்ச்சியே மிகச் சிறந்த கருத்தடைச் சாதனம் என்ற பொருளில் பேசி உலகப் புகழ் பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்குள் நெருக்கடி நிலையின்போது அதே இந்தியாவில், 1976-77 என்ற ஓராண்டில் மட்டும், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. ஏராளமானவை கட்டாயத்தின் பேரில், பெரும்பாலும் ஏழைகளின் மேல். அங்கே பெறு என்றார்கள், இங்கே பெறாதே என்றார்கள். இலக்கு எண்ணும் அந்த எண்ணுக்காக அதிகாரி நடுங்குவதும் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆனால் 1977 மார்ச்சில் இந்தியர்களிடம் ஒரு வாக்குச்சீட்டு இருந்தது, அதைப் பயன்படுத்தி அந்த அரசை இறக்கினார்கள். ருமேனியப் பெண்ணிடம் வாக்குச்சீட்டு இல்லை, எழுத ஒரு பத்திரிகை இல்லை, போக ஒரு நீதிமன்றம் இல்லை. அவள் 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முற்றதிகார அரசுகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆசை இருந்திருக்கிறது. ஸ்டாலின் 1936-ல் சோவியத் ஒன்றியத்தில் கருக்கலைப்பைத் தடை செய்தார். அவர் இறந்த பிறகு 1955-ல்தான் தடை நீங்கியது. நாஜி ஜெர்மனி தான் 'தூய இனம்' என்று கருதிய பெண்களுக்குத் தாய்மைச் சிலுவை கொடுத்தது, மறுபக்கம் 1933 சட்டத்தின் கீழ் சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. கம்போடியாவில் போல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சி முன்பின் தெரியாத ஆண்களையும் பெண்களையும் வரிசையில் நிறுத்தி மணம் முடித்து வைத்தது. அடுத்த தலைமுறையை யார் பெறுவது, எத்தனை பெறுவது என்பதைக் குடும்பத்திடம் விட்டுவிட இவர்களில் யாருக்கும் மனம் வரவில்லை. ருமேனியாவின் தனித்தன்மை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அதை இடைவிடாமல் நடத்திப் பார்த்தது.

பெற்றபின்

பிறந்த பிள்ளைகளில் வளர்க்க வழியில்லாதவர்களை அரசிடம் ஒப்படைக்கும்படி பெற்றோரிடமே சொல்லப்பட்டது. 1970-ல் அதற்கென்று ஒரு சட்டமும் விடுதி அமைப்பும் வந்தன. 1989 முடிவில் இந்த விடுதிகளில் இருந்த குழந்தைகள் சுமார் ஒரு லட்சம். உலகம் அவற்றை அநாதை இல்லங்கள் என்று அழைத்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். அவர்களில் ரோமா இனப் பிள்ளைகள் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகமாக இருந்தார்கள்.

மூன்று வயதில் அந்தக் குழந்தைகள் தரம் பிரிக்கப்பட்டார்கள். நன்றாக இருப்பவர்கள் ஒரு பக்கம். மாறுகண், பிளவுபட்ட உதடு, நடக்கத் தாமதம் போன்ற குறைகளுக்காகக்கூட 'தேற்ற முடியாதவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். நடக்கத் தாமதம் ஆனதற்குக் காரணம் பல சமயம் விடுதியேதான். நாள் முழுக்கக் கட்டிலிலேயே கிடந்த குழந்தை எப்படி நடக்கும்? இரண்டாம் வகையினர் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஹங்கேரி எல்லையருகே சிகித் என்ற பழைய மாளிகை. 1990-ல் ஜெர்மன் பத்திரிகையாளர்கள் அங்கே போனபோது, வெப்பமில்லாத அறைகளில் அழுக்கிலும் இருட்டிலும் குழந்தைகள் கிடந்தார்கள். வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே இறப்பது அங்கே வழக்கமாயிருந்தது.

இன்னொரு கொடுமை ஊசி வழியாக வந்தது. மெலிந்த குழந்தைகளைத் தேற்றுவதற்குச் சிறிய அளவில் ரத்தம் ஏற்றும் பழக்கம் அந்த மருத்துவமனைகளில் இருந்தது. ரத்தத்தைப் பரிசோதிக்கவில்லை, ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். எய்ட்ஸ் முதலாளித்துவ நாடுகளின் நோய், இங்கே இல்லை என்பது அரசின் நிலைப்பாடு. நோயே இல்லாத நாட்டில் சோதனை எதற்கு? 1990 இறுதியில் ருமேனியாவில் பதிவாகியிருந்த எய்ட்ஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஒரு அரசு தன் பொய்யைத் தானே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கனமான ஆதாரத்தை நான் படித்ததில்லை.

2000-த்தின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகியோர் புகாரெஸ்டில் 136 விடுதிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள், மற்றவர்கள் வழக்கமான விடுதிப் பராமரிப்பில் தொடர்ந்தார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் பிறரோடு ஒட்டும் தன்மையிலும் வெகுவாகத் தேறினார்கள். பிந்திப் போனவர்களுக்கு அந்த அளவு மீட்சி கிடைக்கவில்லை. மூளையின் மின் அலைகளிலேயே வித்தியாசம் தெரிந்தது. அரசு நல்ல பெற்றோராக இருக்கும் என்ற வாக்குறுதியின் உண்மை மதிப்பை இப்படித்தான் அளக்க முடிந்தது. 2004-ல் ருமேனியா இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடுதியில் சேர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது. கடும் ஊனமுள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு.

தோல்வி யாருடையது, வலி யாருடையது

பொருளியலாளர் கிறிஸ்டியன் பாப்-எலெச்சஸ் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் விசித்திரமான ஒரு விவரம் இருக்கிறது. ஆணை வந்தவுடன் பிறந்த பிள்ளைகள், சராசரியாகப் பார்த்தால், முன்பு பிறந்தவர்களைவிட அதிகம் படித்திருந்தார்கள். ஆணை நல்லது செய்ததா? இல்லை. 1966-க்கு முன் கருக்கலைப்பை அதிகம் நாடியவர்கள் நகரத்துப் படித்த பெண்கள். தடை வந்த முதல் அதிர்ச்சியில் அவர்களுக்கும் பிள்ளை பிறந்தது, அதனால் சராசரி ஏறியது. ஒரே பின்னணி கொண்ட குடும்பங்களை ஒப்பிட்டால், ஆணையால் பிறந்தவர்கள் படிப்பிலும் வேலையிலும் பின்தங்கியிருந்தார்கள். காலம் போகப் போக, படித்தவர்களும் வசதியானவர்களும் தப்பிக்கும் வழியைக் கற்றுக்கொண்டார்கள். ஏழைப் பெண்ணிடம் கென்ட் பெட்டியும் இல்லை, தெரிந்த மருத்துவரும் இல்லை. எல்லோருக்கும் சமமாகத் தோன்றிய சட்டத்தின் முழுப் பாரமும் கடைசியில் அவள் மேல் இறங்கியது. தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் ஆண்ட கட்சி இதைச் செய்தது.

3 கோடி என்ற இலக்கை ருமேனியா தொடவேயில்லை. 1980-களின் இறுதியில் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 30 லட்சம். ஆட்சியின் சொந்த அளவுகோலிலும் ஆணை தோற்றது.

1989 டிசம்பர் 16 அன்று மேற்கு நகரமான திமிஷோராவில், ஹங்கேரிய வம்சாவளிப் பாதிரியார் லாஸ்லோ தோக்கேஷை வெளியேற்றுவதை எதிர்த்துக் கூட்டம் திரண்டது. மறுநாள் துப்பாக்கிச் சூடு. 21 அன்று புகாரெஸ்ட் சதுக்கத்தில் சௌசெஸ்கு பேசிக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. நேரடி ஒளிபரப்பில் அவர் முகம் திகைத்து நின்றதை நாடே பார்த்தது. மறுநாள் கட்சித் தலைமையகத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் ஓடினார். தெருவில் நின்ற இளைஞர்களில் ஏராளமானோருக்கு அப்போது 20, 21, 22 வயது. அவர்களை நோக்கித் துப்பாக்கியோடு நிறுத்தப்பட்ட கட்டாய ராணுவச் சேவைப் படையினரும் அதே வயதினர். ஆணையின் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். அந்த டிசம்பரில் இறந்தவர்கள் 1,100-க்கும் மேல்.

டிசம்பர் 26 அன்று, புதிய அரசு பதவியேற்ற வேகத்திலேயே ஆணை 770-ஐ நீக்கியது. உணவு ஏற்றுமதியை நிறுத்துவது, வீடுகளுக்கு வெப்பம் தருவது போன்ற முதல் முடிவுகளோடு சேர்ந்த முடிவு அது. 1990-ல் சுமார் 10 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன. கருத்தடை பற்றிய அறிவே இல்லாமல் இருபத்து மூன்று ஆண்டுகள் வைக்கப்பட்ட நாட்டில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அந்த எண் குறைந்து இயல்பு நிலைக்கு வர வெகு ஆண்டுகள் ஆயின.

பதில் சொன்னவர்கள்

டிசம்பர் 25 அன்று தர்கோவிஷ்தே ராணுவ முகாமில் நிக்கோலாயும் அவர் மனைவி எலினாவும் ஒரு மணி நேரம் போன்ற அவசர விசாரணைக்குப் பிறகு சுடப்பட்டார்கள். குற்றச்சாட்டில் இனப்படுகொலை இருந்தது, பொருளாதாரத்தைச் சீரழித்தது இருந்தது. ஆணை 770 ஒரு குற்றமாக அதில் இடம்பெறவில்லை. அந்த விசாரணையின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். உண்மையான நீதிமன்றம் ஒன்று அமர்ந்து, மருத்துவர்களையும் தாய்மாரையும் அழைத்துச் சாட்சியம் பதிவு செய்திருந்தால், அந்த ஏற்பாடு எப்படி ஓடியது என்பது சட்டத்தின் மொழியில் எழுதப்பட்டிருக்கும். அவசரத் தோட்டாக்கள் அந்த வாய்ப்பை மூடிவிட்டன.

கம்போடியாவில் நேர்ந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஐ.நா. ஆதரவுடன் அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2018 நவம்பரில் கெமர் ரூஜ் தலைவர்கள் நுவோன் சேயாவுக்கும் கியு சம்பானுக்கும் ஆயுள் தண்டனை விதித்தபோது, கட்டாயத் திருமணங்களையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நாற்பது ஆண்டு தாமதம்தான். ஆனால் அரசு படுக்கையறைக்குள் நுழைந்தது குற்றம் என்று தீர்ப்பில் எழுதப்பட்டது, அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் வந்து பேசினார்கள்.

ருமேனியாவிலும் பிந்தியாவது சில அசைவுகள் உண்டு. 1950-களில் ரிம்னிக்கு சராத் சிறையை நடத்திய அலெக்சாந்த்ரு விஷினெஸ்குவுக்கு 2016-ல் 20 ஆண்டு தண்டனை உறுதியானது. கம்யூனிச ஆட்சியின் குற்றங்களை விசாரிக்கும் அரசு நிறுவனம் 2017-ல், சிகித் உள்ளிட்ட விடுதிகளில் இறந்த 700-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணம் குறித்துக் குற்றப் புகார் அளித்தது. அந்த விடுதிகளில் வளர்ந்து உயிர் பிழைத்தவர்களுக்கு இன்று நாற்பதும் ஐம்பதும் வயது. சாட்சி சொல்ல அவர்கள் இருக்கிறார்கள். மகப்பேறு வார்டில் கேள்வி கேட்ட அதிகாரிகளிலும் பலர் ஓய்வூதியத்தோடு இருக்கிறார்கள்.